நன்றியும் சான்றும்

உற்றுழி உதவினார்க்கு உதவி பெற்றவன் ஆற்றும் கடப்பாடு எத்துணையது என்பது எளிதில் தீரும் வினாவன்று. யாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றனை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், விடியுமுன், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. தென்னந்தோப்புக்கள் வேரொடு சாய்ந்தன. அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கீற்று வேய்ந்த மனையை இழந்த குடியானவர் ஒருவரை, அண்டை வீட்டார் மனைவி மக்களோடு தம் ஓட்டு வீட்டில் வைத்து ஒரு திங்கள் உணவளித்துப் புரந்தனர். மூங்கிலும் கீற்றும் தேடித் தந்து கூரையும் வேய்வித்தனர். சில ஆண்டுகள் கழிந்தபின், அவ்வண்டை வீட்டார்க்கும் வேறொருவர்க்கும் வரப்பு வழக்கு மூண்டது. சான்றாக அழைக்கப்பெற்ற குடியானவர், தாம் கண்டவாறே, உதவினார்க்கு மாறாகக் கூறினார். ஊரார் அவரைச் செய்ந்நன்றி கொன்றார் எனத் தூற்றினர். அவரோ, "எனக்கு அன்று சோறிட்டது என் வினை, இவருக்கு நான் பட்ட கடன் யாது?" என்றார்.

சான்றைப் பற்றி ஐயமில்லை. திருவள்ளுவனார் செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமையை வைத்தார். நன்றி செய்தாரை எண்ணுங்கால் நடுவுநிலை பிறழ்தல் கூடும். அவ்விடத்தும் பிறழலாகாது என்பதே அவ்வைப்பின் கருத்தெனப் பரிமேலழகர் கொண்டார். முன் செய்த உதவியைக் காட்டிப் பொய்ச்சான்று வேண்டுவான், தான் செய்த அறத்தை வட்டிக் கடனாக்குகின்றான். ஆகலின் ஊரார் பழித்தது பிழையே.

ஆயின் அவர் சொல்லிய சொல்லோ எம் நெஞ்சை உறுத்துகின்றது. சித்தாந்த நூல் பயின்றாருட் சிலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேம். இன்ப துன்பம் வினைவழியன எனின் உதவியவன் வெறுங் கருவியேயன்றோ என்பர். அது பொருந்தாது. வினை சடம், அது தானே வந்து கதவு திறவாது. அதனைக் கூட்டுவோன் இறைவன். அவன் ஓர் உயிர்க்கு உதவுவது பிறிதோர் உயிரின் இரக்கத்தின் வாயிலாகவுமாம். அவ்விரவில் காற்றுக்கு அஞ்சாது வெளிவந்து அழைத்த அண்டை வீட்டார், கதவடைத்து உள்ளிருக்கவும் வல்லர். கைக்கோலுக்கு அவ்வுரிமை உண்டோ? மேலும், பெற்ற உதவியை வினைமேல் ஏற்றுவோர், உற்ற தீங்கையும் அங்ஙனமே ஏற்றிப் பொறுக்கின்றனரோ? தம் வரப்பை ஒரு சாண் வெட்டினானை வினையென்று விட்டாரை இத்துணை ஆண்டுகளில் யாம் கண்டிலேம்.

உண்மை வேறு. உதவி பெற்றமை தன் சிறுமையைத் தனக்குக் காட்டும். அதனைப் பொறாதது ஆணவம். நிலத்தின்மேல் திரிவார் தம்மைத் தாங்கும் நிலத்தை உணராமையை, அருளை அறியாத உயிர்க்கு உவமையாக்கினார் உமாபதி சிவனார், திருவருட்பயனுள். கண்முன் நின்று சோறிட்ட கையையே அறியாதான், காணாது நின்று தாங்கும் கையை அறியுமாறு எங்ஙனம்?

சான்று கூறிய அன்று மாலையே அவர் அண்டை வீட்டுப் படியேறி, "உங்கள் கூரையின்கீழ் அன்று உயிர் பிழைத்தோம்" என்று ஒரு சொல் சொல்லியிருப்பின், வழக்கு வரப்போடு நின்றிருக்கும். இப்பொழுதோ, இரு வீட்டிற்கும் பொதுவான கிணற்றடி வழி முள்ளிட்டு அடைபட்டுக் கிடக்கின்றது.