முனையில் நிற்கும் சதுரம்

சிறு குழந்தைகளுக்கான வடிவப் படப்புத்தகங்களில் முக்கோணம் பெரும்பாலும் மூன்று பக்கங்களும் சமமாக, அடிப்பக்கம் கிடையாகவே அச்சிடப்படுகிறது. சதுரமும் அவ்வாறே நிமிர்ந்து நிற்கிறது. இவற்றையே திரும்பத் திரும்பக் காணும் குழந்தை, அதே சதுரத்தைச் சற்றுத் திருப்பி முனையில் நிறுத்தினால், சதுரம் என ஏற்க மறுத்து, சீட்டுக்கட்டின் டைமண்ட் என்று சொல்லிவிடுவதுண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1957-இல் ஆய்வேடுகள் அளித்த பியர், டினா வான் ஹீலே தம்பதியர் வகுத்த வடிவியல் சிந்தனைப் படிநிலைகளுள் முதலாவதான காட்சிநிலை, அதாவது பக்கம், கோணம் முதலிய பண்புகளைக் கருதாமல் முழுத் தோற்றத்தைக் கொண்டே வடிவத்தை அடையாளம் காணும் நிலை, இம்மறுப்பை விளக்குகிறது.

இங்கே குழந்தையைத் திருத்துவதைவிடப் புத்தகத்தை மாற்றுவதே எளிது. டானா ஹோபன் 1986-இல் வெளியிட்ட ‘ஷேப்ஸ், ஷேப்ஸ், ஷேப்ஸ்’ போன்ற ஒளிப்பட நூல்கள், அன்றாடப் பொருள்களுக்குள் வடிவங்களைத் தேடவைப்பதால் இக்குறை சற்றே தணிகிறது. வேறு நூல் கிட்டாத வீட்டிலும், கையிலுள்ள புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பி, இப்போதும் இது முக்கோணந்தானா என்று வினவி, மூலைகளை விரலால் தொட்டு எண்ணச் செய்தால், பண்புகளைக் கொண்டு வடிவத்தை அறியும் அடுத்த படிநிலையாகிய பகுப்பாய்வு நிலையை நோக்கிக் குழந்தை நகரத் தொடங்குகிறது.