தொண்டும் உறுதியும்

ஆசிரியர்களே,

நம்மிடத்துக் கற்க வரும் பிள்ளைகளுள் "என்னால் இயலாது" என்று சொல்லுவோர் பலர். சொல்லாது கடைசி வாங்கிலே தலைகுனிந்திருப்போர் அவரினும் பலர். இதனைச் சிலர் பணிவென்று கொள்ளுவர். அது பணிவன்று. உயிரை அணுவைப்போலச் சிறுகச் செய்தலினால் ஆணவம் எனப் பெயர்பெற்றது என்பர் சைவசித்தாந்த நூலோர். அங்ஙனமாயின், "என்னாலன்றோ இது முடிந்தது" என்னுஞ் செருக்கு மாத்திரமன்று, "என்னால் யாதும் முடியாது" என்னுஞ் சோர்வும் அம்மலத்தின் காரியமேயாம். இரண்டிடத்தும் உயிர் தன்னையே நோக்கிக்கொண்டிருக்கின்றது. ஆதலின், சோர்ந்தவனை வெறும் புகழுரையினாலே தேற்றுதல் ஒரு பிணியை மாற்ற மற்றொரு பிணியைக் கொடுத்தலாய் முடியும். அவன் நோக்கைத் தன்னினின்றும் பிறர்மேலே திருப்புதல் வேண்டும். அது தொண்டினாலே கைகூடும்.

திலகவதியார் சரித்திரத்தை நாம் ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். படிப்பிக்கும்பொழுது விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று அதில் உண்டு. திருவாமூரிலே தந்தையார் இறந்தனர், தாயார் உடனிறந்தனர், மணம்பேசிய கலிப்பகையார் போரிலே பட்டனர். அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தனர். இளையவராகிய மருணீக்கியார் திருவடியில் விழுந்து அழுதனர். தம்பியார் உளராதல்வேண்டும் என்னும் ஒன்றே பற்றி அம்மையார் உயிர் தாங்கினர். தமக்கென வாழ ஏதுவொன்றும் எஞ்சாதபொழுது, பிறரொருவர்க்கு வேண்டப்படுதல் அவரை நிறுத்தியது.

அத்தம்பியாரும் பின்பு பிறசமயஞ் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்று, அம்மையாரைத் தனியே விட்டனர். அம்மையார் திருவதிகையிலே திருமடம் அமைத்து, வீரட்டானத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூக்கொய்து வந்தனர். சூலைநோயினால் வருந்திய தருமசேனர் இரவிலே வந்து அவர் அடியில் வீழ்ந்தபொழுது, அம்மையார் திருநீறு கொடுத்து, புலருமுன் திருவலகும் மெழுக்குந் தோண்டியும் எடுத்துக்கொண்டு அவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். நீண்ட நாள் பிரிந்த தம்பியார் வந்தார் என்று அன்றைப் பணி தவறவில்லை. அந்நாளின் பின்னரே நாவுக்கரசர் கையில் உழவாரம் ஏறியது. பல்லவ மன்னன் ஏவலுக்கு அஞ்சாத உறுதி அக்கைக்கு உரியது. திருப்புகலூரிலே புல்லோடு பொன்னும் மணியும் தோன்றியபொழுது அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாவியில் எறிந்த உறுதியும் அதுவே.

நம் நாட்டு ஆறுமுக நாவலரும் 1848ஆம் ஆண்டிலே சம்பளந் தந்த உத்தியோகத்தை விடுத்து வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை தாபித்தனர். பின்னர் 1877இற் பஞ்சகாலத்திலே கஞ்சித்தொட்டித் தருமமும் நடாத்தினர். இவை நீவிர் அறிந்தனவே.

இனி நம் குற்றமொன்றைச் சொல்லுதும். முன்னொருகாற் பாடம் ஒப்புவிக்க இயலாத ஒரு பிள்ளைக்குத் தண்டமாக விளக்குமாற்றைக் கொடுத்து முற்றங்கூட்டச் செய்தோம். சில கிழமை கழித்துச் சித்திரைச் சதயம் வந்தது. அப்பர் குருபூசையிலே உழவாரத் தொண்டின் பெருமையை நெடுநேரம் பேசினோம். பேச்சினிடையே அப்பிள்ளையின் முகத்தைக் கண்டோம். மேலே பேச நாவெழவில்லை. அலகிடுதல் அவமானம் என்பதை அவனுக்குக் கற்பித்தவர் நாமே அன்றோ!

மறுநாள் வைகறையில் நாமே சென்று முற்றங்கூட்டினோம். பிள்ளைகள் வியந்து நின்றனர், சிலர் நகைத்தனர். நான்காம் நாள் அப்பிள்ளை அருகே வந்து, "சேர், கிணற்றடிப் பக்கம் சின்னப் பிள்ளையள் வழுக்கி விழுகினம், அதை நான் பார்க்கிறன்" என்றான். பாசியைத் தேய்த்து மணல் பரப்பினான். நாம் புகழ்ந்திலோம். ஆங்கு நீர் மொண்ட சிறு பிள்ளைகள் மாத்திரம் விழாது நடந்தனர்; அதை அவன் நின்று பார்த்தான். வாய்பாடு அவனுக்கு அவ்வாண்டும் முற்ற வரவில்லை. ஆயினும், வாராதவிடத்து "இன்னொருக்காற் சொல்லித்தாங்கோ" என்று கேட்கத் தொடங்கினான்.