நடுங்காதே, நோட்டீஸைக் கேள்!

"உன்மேல் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்!" சரக்குப் பாக்கித் தகராறில் இப்படி ஒரு போன் வந்ததும், கொடுக்க வேண்டாத பணத்தையும் கட்டப்பஞ்சாயத்தில் கொட்டிவிட்டு வருகிறார்கள் நம் வியாபாரிகள். ஏன் இந்த நடுக்கம்? உழைத்துச் சேர்த்த காசு அது!

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. மோசடிக்கு ஊரெல்லாம் சொன்ன 420 இன்று 318(4). நம்பிக்கை மோசடிக்கு மூன்றாண்டு வரை இருந்த சிறைத் தண்டனை ஐந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. ஆகவே சட்டத்தைப் படியுங்கள். படிக்காதவனைத்தான் மிரட்ட முடியும்.

சொன்ன தேதியில் பணம் வராததெல்லாம் மோசடி ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். யோசிக்காமல் இயந்திரம்போல் வழக்குப் பதிவதை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது தேவையில்லை என்றால் போலீஸ் தர வேண்டியது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ். அதன்படி ஆஜராகிறவரைக் காரணம் எழுதிப் பதியாமல் கைது செய்யக் கூடாது. கடையைச் சோதனையிட்டால் வீடியோ எடுக்க வேண்டும். கேளுங்கள், தலைநிமிர்ந்து கேளுங்கள்!

ஏமாந்தது நீங்களா? சூரத்காரர் துணியை வாங்கிக்கொண்டு திட்டமிட்டுக் கம்பி நீட்டினால், ஈரோட்டுக் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இடம் தரவில்லை. விசாரணை எங்கே நிற்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இத்தனைக்கும் உயிர், உங்கள் கையிலுள்ள ஆதாரம். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாய்ப்பேச்சில் லட்சக்கணக்கில் சரக்கு போகிறது, டெலிவரி சலானில் கையெழுத்து இல்லை, போன் மாற்றும்போது வாட்ஸ்அப் உரையாடல் அழிகிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவை ஏற்கிறது. ஆனால் பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் கேட்கிறது. அதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூலப் பதிவே இல்லாமல் எதற்குச் சான்றிதழ் வாங்குவீர்கள்? இன்றே ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். பில், சலான், வங்கிக் கணக்கு விவரம், உரையாடல் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் பெயரில் தனித்தனியே சேமியுங்கள். அடுத்த மிரட்டல் போன் வரும்போது, "எழுத்தில் அனுப்புங்கள், என் வக்கீல் பதில் தருவார்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள்!