யாரிடம் திருத்திச் சொல்வது?

ஓர் ஆய்விதழ் தான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறும்போது அதை அழித்துவிடுவதில்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்று பக்கங்களில் குறித்து, காரணத்தை அறிவித்து, அங்கேயே வைத்திருக்கிறது. நேர்மையான முறைதான். ஆனால் அந்த அறிவிப்பு யாரோடு பேசுகிறது?

1998இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. 2004இல் உடன் எழுதியவர்களில் 10 பேர் அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். இதழ் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடைப்பட்ட 12 ஆண்டுகள் ஊசி போட்டதற்காகத் தம்மையே நொந்துகொண்ட தாய்மாருக்கு அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

அதற்கும் முன்பு பழி நேராகத் தாய்மீதே இருந்தது: பாசமில்லாத 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று. அந்த எண்ணத்துக்கு வழிவிட்ட மருத்துவர்களில் ஒருவரான லியோ கன்னர், 1969இல் பெற்றோர் கூடிய கூட்டத்தில், அவர்கள் முகம் பார்த்து, உங்கள்மேல் குற்றமில்லை என்றார். தன் சொல்லைப் பிறர் திரித்துவிட்டார்கள் என்று அவர் சாதித்தது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சொன்னார்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தார்கள். எல்லாவற்றையும் அந்த ஒரு கட்டுரையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் வேடசந்தூர் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவள் ஊசி போட்டாலும், போடாவிட்டாலும், பிள்ளைக்கு ஒன்று என்றால் வீட்டில் கேள்வி அவளிடம்தான். அவளுக்குப் புரியும்படி திருத்திச் சொல்லும் வேலை, கட்டுரையைப் படித்தே இராத கிராம சுகாதாரச் செவிலியர் தலையில் விழுகிறது.