ஊசி கொடுக்கிற கை பாவத்துக்குத் துணை போகிறதா?



ஒரு கேள்வி வெகு நாளாய் என் நெஞ்சில் பாரமாக இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவன் தவறான வழியில் போகிறான். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்த வழியிலேயே அவன் செத்துப்போகாதபடிக்கு நாம் ஒரு உதவி செய்தால் அது அன்பா? இல்லை, அவன் பாவத்துக்கு நாமும் பங்காளிகள் ஆகிவிடுகிறோமா?

2023-ல் மூன்று மாதம் அமெரிக்காவில், பிலடெல்பியா பட்டணத்தில், என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பேத்தி அங்கே காலேஜில் படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் சிநேகிதிகளோடு எங்கேயோ போய் வருவாள். ஒருநாள் அவள் பை சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவை கட்டுக்கட்டாக ஊசிகள், மூக்கில் அடிக்கிற ஒரு மருந்து, நிறைய காலுறைகள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"என்னம்மா இது?" என்றேன்.

"தாத்தா, போதை ஊசி போடுறவங்களுக்குக் கொடுக்கிறது."

"அவங்களுக்கு நீ ஊசி கொடுக்கிறியா? பாவம் செய்யறவன் கையில ஆயுதத்தைக் கொடுத்த மாதிரி இல்லையா?"

அவள் கோபப்படவில்லை. "திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட வாங்க தாத்தா" என்றாள்.

போனேன். கென்சிங்டன் என்று ஒரு பகுதி. தெருவுக்கு மேலே இரும்புத் தூண்கள்மேல் ரயில் ஓடுகிறது. கீழே நடைபாதையில் வாலிபர்கள் இடுப்பை மடக்கி, நின்றபடியே தூங்குகிறார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ! மாணவ மாணவிகள் ஒரு மேஜை போட்டுத் தண்ணீர், ரொட்டி, காலுறை கொடுத்தார்கள். பழைய ஊசிகளைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்தார்கள். ஹெராயினோடும் மற்ற போதைப் பொருட்களோடும் இப்போது ஃபென்டனில் என்கிற மருந்து கலந்து வருகிறது. அது ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியமுள்ளது. அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுபோகும். 2022-ல் மாத்திரம் அமெரிக்காவில் போதை மருந்தின் அளவு மிஞ்சி இறந்தவர்கள் 1,07,000 பேருக்கும் மேல்.

மூக்கில் அடிக்கிற மருந்தின் பெயர் நலோக்சோன். நின்றுபோன மூச்சை அது சில நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவரும். ஆனால் 30 முதல் 90 நிமிஷம் வரைதான் அதன் வேலை. அதனால் மருந்தை அடித்துவிட்டு விட்டுப் போகக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பேத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். 2023 மார்ச்சில் இதை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்க அந்த நாட்டு அரசாங்கம் அனுமதித்தது.

அங்கே போதையில் மிருகங்களுக்குக் கொடுக்கிற மயக்க மருந்தையும் கலந்திருந்தார்கள். அதனால் கை கால்களில் அழுகின புண்கள். ஒரு மாணவி, இருபது வயசு இருக்கும், முழங்கால்படியிட்டு ஒருவனுடைய காலைக் கழுவிக் கட்டுப் போட்டாள். பிரியமானவர்களே, எத்தனையோ வருஷம் சபையில் மூப்பனாக இருக்கிறேன். அப்படிப்பட்ட காலை நான் தொட்டதில்லை.

ஆனாலும் எதிர்ப் பேச்சையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் குடும்பங்கள் இருக்கின்றன. கைக்குழந்தையோடு ஒரு தாய் கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்ததைக் கண்டேன். "ஏன் எங்க வாசலில் இதைச் செய்யறீங்க?" என்று அவள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2024-ல் அந்த நகர நிர்வாகம் ஊசி மாற்றும் வேலைக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திவிட்டது. அப்படி முடிவெடுத்தவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. இதே நகரத்தில் 1992-ல் மேயர் எட் ரெண்டல் ஊசி மாற்றுவதற்கு அனுமதி கொடுத்தார். அதற்குப் பின் வந்த 10 வருஷத்தில் மட்டும் 10,000 பேருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்றாமல் தப்பினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள், வராதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாகச் சிகிச்சையில் சேருகிறார்கள் என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் சொல்லுகிறது. ஏன்? பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவர் இருக்கிறார். விடுதலை வேண்டும் என்று தோன்றுகிற அந்த ஒரு நாளில் யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தம்பி ஞாபகம்.

தம்பி குடிகாரன். வீட்டுப் பாத்திரம்வரை விற்றுக் குடித்தான். "குடியை விட்டுட்டு வரட்டும், அப்பத்தான் கதவு திறக்கும்" என்றார் அப்பா. நானும் ஆமா என்றேன். 1996 ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி கதவைத் தட்டினான். "அண்ணே, குளிருதுண்ணே" என்றான். நான் எழுந்து போனேன், திறக்க அல்ல. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க. விடிந்தபோது கடைத் திண்ணையில் கிடந்தான். உயிர் இல்லை.

அதைச் சிட்சை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிட்சை எதற்கு? சிட்சிக்கப்படுகிறவன் திருந்தி வாழ்வதற்கு. செத்துப்போனவன் எப்படித் திருந்துவான்? மனந்திரும்புகிறதற்கு முதலில் மூச்சு வேண்டுமே! அவனுக்குக் காசு கொடுக்காதது சரி. இன்றைக்கும் அதைச் சரி என்றுதான் சொல்லுவேன். ஆனால் காசு வேறு, கூரை வேறு. கதவைத் திறந்திருந்தால் குடியை விட்டிருப்பானா? தெரியாது. மறுநாள் காலையில் உயிரோடு இருந்திருப்பான். அவ்வளவுதான் தெரியும்.

"கதவு சரி, ஊசி அப்படி அல்லவே, அது பாவத்தின் கருவிதானே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். பேத்தி சொன்னாள்: "நாங்க கொடுக்கலேன்னா அவங்க போடாம இருக்க மாட்டாங்க தாத்தா. இன்னொருத்தர் போட்ட ஊசியைப் போடுவாங்க." ஒரு பையனுக்கு மூன்று தரம் மூச்சு திரும்ப வந்ததாம். "நாலாவது தரமும் கொடுப்பியா?" என்றேன். "எத்தனாவது தரத்தோட நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

மறைக்காமல் சொல்லுகிறேன். அதற்குப் பின்பு இரண்டு சனிக்கிழமை அவளோடு போனேன். தண்ணீர் கொடுத்தேன், காலுறை கொடுத்தேன், மூச்சு மருந்து அடிக்கவும் பழகிக்கொண்டேன். ஊசியை மாத்திரம் என் கையால் கொடுக்க முடியவில்லை. கை பின்வாங்கியது. அது மனசாட்சியா, பழைய பெருமையா? இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் என் பேத்தியின் கை பாவத்துக்குத் துணை போகிற கை என்று இனி நான் சொல்ல மாட்டேன். 2024-ல் அந்த நாட்டில் சாவு சுமார் 80,000 ஆகக் குறைந்தது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். மூச்சு மருந்து பலர் கையில் இருந்ததும் அதில் ஒன்று என்று பலரும் எண்ணுகிறார்கள்.

பிரியமானவர்களே, கென்சிங்டன் நமக்குத் தூரம். ஆனால் திண்ணையில் விழுந்து கிடக்கிறவன் நம் தெருவிலும் உண்டு. அவனைக் கண்டால் "எப்போ திருந்துவான்?" என்று கேட்பதற்கு முன்னே, மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மழையாயிருந்தால் உள்ளே கொண்டுவந்து படுக்க வையுங்கள். புத்தி சொல்ல விடிந்த பிறகு நேரம் இருக்கிறது.

என் வீட்டு வாசல் கதவில் அந்தப் பழைய தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறது. ஊர் திரும்பின அன்றைக்கு அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.