இளங்காய்

சக்குபள்ளத்தில் ஏலக்காய் எடுப்பு. விடியுமுன் கம்பத்தில் கிளம்பிய ஜீப்புகள் மலையேறி ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டன. செடியடியில் சரங்கள் மண்ணோடு கிடக்கின்றன. குனிந்தபடியே விரல் துழாவுகிறது. முற்றிய காய் வாளிக்கு; இளங்காய் சரத்திலேயே இருக்கும். ஒரு மாதமோ நாற்பது நாளோ கழித்துத் திரும்ப வருவார்கள், அதற்குள் அது முற்றியிருக்கும்.

மழை வந்தது. ஸ்டோர் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது ஓர் அக்கா சொன்னார். ஏழு வயது மகன். "வெளிறிப் போயிட்டான் தம்பி. விட்டு விட்டுக் காய்ச்சல். கால்ல அங்கங்க நீலமாக் கன்னிப்போயிருந்துச்சு. ரத்தம் கம்மினு சத்து டானிக்தான் குடுத்தோம்." பிறகு ரத்தப் பரிசோதனை, இடுப்பெலும்பில் ஊசி, ரத்தப் புற்றுநோய். ஒரு வருஷமாக வைத்தியம். "இப்ப நல்லா ஓடியாடுறான். இன்னும் எதுக்கு மாத்திரை?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

*

ரத்தம் விளையும் இடம் எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்புக்குள் இருக்கும் அந்தச் சிவந்த கூழ், நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிவப்பணு 120 நாள் இருக்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு பத்து நாளைத் தாண்டாது. எல்லாமே உள்ளே இளசாகப் பிறந்து, முற்றியபின் ரத்தத்தில் இறங்குபவை.

இந்த நோயில் ஓர் இளம் அணு முற்ற மறுக்கிறது. சாகவும் மறுக்கிறது. தன்னைப்போலவே பெருகிக்கொண்டு போகிறது. மருத்துவர்கள் பிளாஸ்ட் என்பது அதைத்தான். நல்ல மஜ்ஜையில் அது நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. நோயில் அதுவே நிலம் முழுதும் படர்ந்து மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. சிவப்பணு குறைய வெளிறல், மூச்சிரைப்பு. தட்டணு குறைய நீலக் கன்றல், ஈறில் ரத்தம். எண்ணிக்கையில் பெருகினாலும் முற்றாத வெள்ளணு கிருமியோடு போராடாது. அதனால் விடாத காய்ச்சல். அக்கா தனித்தனியாகச் சொன்ன மூன்றும் ஒரே இடத்தில் நடந்த நெருக்கடி.

சத்துக் குறைவுக்கும் வெளிறல் உண்டு என்பதால்தான் நாள் வீணாகிறது. மூன்றும் சேர்ந்து கண்டால் டானிக் போதாது. அணுக்களை எண்ணிப் பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் முதல் சந்தேகத்தைத் தந்துவிடும்.

ஏன் தன் பிள்ளைக்கு என்று அக்கா கேட்கவில்லை. தோட்டத்தில் அடிக்கும் மருந்தாலோ என்று மட்டும் மெல்லக் கேட்டார். கதிரியக்கமும் பென்சீனும் ரத்தப் புற்றுநோயைத் தூண்டக்கூடியவை என்பது தெளிவு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. தாய் செய்த தவறு எதுவும் அதில் இல்லை. இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

*

அந்த மாத்திரைக்கு ஒரு கதை உண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, பிறகு பாஸ்டன் போனவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்த அவரது குழு, அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினை உருவாக்கியது. பெருகும் அணுவுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதை மறித்தால் பெருக்கம் நிற்கும். மருத்துவர் சிட்னி ஃபார்பர் அம்மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். 1948இல் அது அச்சில் வந்தது. தேறியது சில மாதங்களுக்குத்தான், நோய் திரும்பியது. அந்த ஆண்டிலேயே சுப்பாராவும் காலமானார். அவர் குழுவின் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் இன்றும் இந்தப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை விழுங்குகிறார்கள்.

நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியும் இதில் உண்டு. சுடுகாட்டில் பூப்பதால் வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின், அணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் ஊசி. அக்காவின் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே போடுவது. அந்தச் செடியை இனி வேறு கண்ணால்தான் பார்க்க முடிகிறது.

*

அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

நோய் தெரியவரும் நாளில் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி நோயணுக்கள். முதல் மாத மருந்தில் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. நுண்ணோக்கியில் மஜ்ஜை சுத்தம். அப்போதும் ஆயிரம் கோடி வரை மிச்சமிருக்கலாம். சில, மருந்து எளிதில் எட்டாத மூளைநீரில் ஒளிந்திருக்கும். முதுகில் போடும் மருந்து ஊசி அதற்குத்தான். மிச்சத்தைத் தீர்க்கத்தான் இரண்டு மூன்று ஆண்டு மாத்திரை. 1948இல் நோய் திரும்பியதும் இந்த மிச்சத்திலிருந்துதான்.

மறுநாள் அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: "முற்றின காய் எல்லாம் எடுத்தாச்சுன்னு தோட்டத்தை விட்டுட்டா வருவீங்க? அடுத்த எடுப்பு இருக்கில்ல?" அவர் தலையாட்டினார். பிறகு, "ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு தம்பி" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மலைமேலுள்ள குமுளியிலிருந்து, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கு மேல். கம்பத்திலிருந்து மதுரையும் அவ்வளவு. பஸ் கட்டணம், சாப்பாடு, போன கூலி. வைத்தியம் பாதியில் நிற்பது பல வீடுகளில் இதனால்தான்.

தோட்டக்காரர்களே, கங்காணிகளே, எடுப்புக் காலத்தில் ஒரு ஆள் குறைவது உங்களுக்குக் கஷ்டம், தெரியும். ஆனாலும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அந்த ஒரு நாளை, கூலியோடு கொடுங்கள்.