சாரலில் மட்டும் வரும் பழுது

பெரியப்பாவின் பழைய ஏழு சீட் ஆட்டோமேடிக் வேன் சென்ற வருஷ சீசனில் புதிதாக ஒரு கோளாறு காட்ட ஆரம்பித்தது. ஐந்தருவியிலிருந்து சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதோ, புளியரை ஏற்றத்திலோ, திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். என்ஜின் அலறும், வேகம் ஏறாது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் பகலில் பெரியப்பா கடையநல்லூர் வரை ஓட்டிப் பார்ப்பார். ஒரு குறையும் இருக்காது.

“நான் ஓட்டுனா வரல, அவன் ஓட்டுனா மட்டும் வருதுன்னா என்னலே அர்த்தம்?” என்றார்.

இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் தர்க்க நூலில் சொன்ன முறைதான்: இரண்டு நிலைமைகள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்து, ஒன்றில் மட்டும் வேறுபட்டால், அந்த ஒன்றில் காரணத்தைத் தேடு. வண்டி ஒன்று, ஆள் வேறு. முடிந்தது.

அதற்கு விஞ்ஞான முத்திரை குத்தியவன் நான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் மலிவு ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருந்தது. கைபேசியில் மூன்று கோடு வந்தது. பி0700, கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பி0750, ஷிப்ட் சொலினாய்டு. பி0562, வோல்ட்டேஜ் குறைவு. மூன்றாவதைத் தள்ளிவிட்டேன். பேட்டரி பழசு, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கும், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். “சொலினாய்டு போயிருக்கு பெரியப்பா, கியர்பாக்ஸ இறக்கணும்” என்றேன். டிரைவர் கெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒர்க்ஷாப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணனுக்கு அரை மாசச் சம்பளம் பிடிக்கப்பட்டது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

ஆபீஸில் ஒரு சர்வர் விழுந்தால், லாகின் கடைசி வரி விழுந்த இடத்தைத்தான் சொல்லும், தள்ளிவிட்டது யார் என்று சொல்லாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

கியர்பாக்ஸை இறக்குமுன் ஒருமுறை பார்க்கட்டும் என்று செங்கோட்டை ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனோம். அவர் கோடு என்ன என்று கேட்கவில்லை. “எப்ப வருது?” என்றார். சாயங்காலம் என்றேன். “சாரல் அடிக்கும்போதா?” ஆமாம். ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படியும் மூட்டத்துக்கு ப்ளோயர், எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம். பகலில் பெரியப்பா இதில் ஒன்றையும் போட்டிருக்க மாட்டார். வேறுபட்டது ஆள் மட்டுமல்ல.

அவர் மீட்டரை ஓம்ஸில் வைக்கவில்லை. எர்த் ஒயரை ஓம்ஸில் பார்த்தால் யோக்கியம் என்றே காட்டுமாம். மீட்டர் அனுப்புவது சொற்பக் கரண்ட். நூறு இழை அற்று நாலு இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். வோல்ட்டில் வைத்து, என்ஜின் ஓடும்போதே ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை கியர்பாக்ஸ் உடம்பிலும் தொட்டார். நல்ல எர்த் என்றால் 0.2க்குள் இருக்க வேண்டும். 0.4 காட்டியது. லைட், வைப்பர், ப்ளோயர் என்று ஒவ்வொன்றாகப் போடப் போட ஏறி 1.6இல் நின்றது. நடுவே ஒரு ஜம்பர் கேபிளைக் கோத்ததும் இறங்கிவிட்டது.

பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான பின்னல் ஒயர், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. ஆல்டர்னேட்டர் இருப்பது என்ஜினில். லைட்டும் வைப்பரும் எர்த் ஆவது பாடியில். அவை தின்னும் கரண்ட் இந்த ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழி குறுகினால் சொலினாய்டுக்குப் போகும் வோல்ட்டேஜும் தடுமாறும். காலையில் செல்ஃப் இழுத்ததற்கும் காரணம் இதுவே. புது ஒயர், கூலி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்.

வண்டி ஒரே கியரில் நின்றது உடைந்ததால் அல்ல. 1989இல் கிரைஸ்லர் தன் மினிவேன்களில் வைத்த ஏ604 கியர்பாக்ஸில் இதைப் பார்க்கலாம்: சென்சார் சொல்வதில் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால், சொலினாய்டுகளை விட்டுவிட்டு இரண்டாவது கியரிலேயே இருந்துகொள்ளும். மெதுவாக வீடு போய்ச் சேரலாம். சரியாகத் தெரியாதபோது சேதம் குறைவான காரியத்தைச் செய் என்று யாரோ ஒரு என்ஜினீயர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். நாங்கள் அந்தச் சந்தேகத்தையே தீர்ப்பாகப் படித்தோம்.

“எனக்கு எப்படிடா தெரியும்?” என்றார் பெரியப்பா. நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் சோதனைக்கு ஆனது பத்து நிமிஷம். கியர்பாக்ஸுக்கு லட்ச ரூபாய் செலவு என்றதும் இன்னொருவரிடம் காட்டத் தோன்றியது, அது எங்கள் பணம். சம்பளத்தைப் பிடிக்குமுன் அப்படித் தோன்றவில்லை. தெரியாமல் செய்தோம் என்பது உண்மைதான். எந்த இடத்தில் தெரிந்துகொள்வதை நிறுத்தினோம் என்பதற்கு அது பதில் இல்லை.

பிடித்த பணத்தோடு செங்கோட்டை ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். வேறு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எங்க தம்பி போயிருந்துச்சு?” என்றார். கைபேசியில் போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா, லைட்டப் போட்டாத்தான் இப்படிப் பண்ணுதுன்னு.”

பெரியப்பாவிடம் சொன்னாரா, என்னிடமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆரியங்காவுக்கு ஆள் ஏறியிருந்தது. கிளம்பிவிட்டார்.